தலை தூக்கிய தண்டுகள்

குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு துப்பறிவதைப் போன்ற வெட்டி வேலை உலகத்தில் வேறு கிடையாது. இதைக் காரில் வரும்போதே அத்தானிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வீடு தள்ளி யாராவது முணுமுணுத்தால் கேட்கிற காது அது. மச்சினன் பேசினால் மட்டும் அடைத்துக்கொள்ளும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தொழில், துப்பறிவது. நான் அவருடைய உதவியாளன், டிரைவர், பை தூக்கி. 'வீட்ல படுத்துக் கிடக்குறதுக்கு அவரோடயாவது போய்த் தொலையேன்டா' என்று அக்கா பிடித்துத் தள்ளியதில் கிடைத்த உத்தியோகம். இதுவரை யாரும் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் அத்தானுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது.

அன்று காலை நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு தொழிற்சாலையின் மாடி அறையில். காய்கறியை உறைய வைத்துப் பையில் அடைத்து விற்கிறவர்கள். அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே காய்தான், அஸ்பாரகஸ். பச்சைப் பென்சில் தடிமனில் தண்டு, நுனியில் கூம்பிய மொட்டு. கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்தால் மொத்த வேலையும் தெரிந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் வரிசையாக நின்று அடிக்கட்டையை நறுக்கித் தள்ளினார்கள். நறுக்கியது கொதிநீரில் ஒரு முக்கு, உடனே ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் பனிக்காற்று வீசுகிற நீளமான இயந்திரம் ஒன்றுக்குள் போய், மறுமுனையில் கல்லாக உறைந்து தனித்தனியாகச் சலசலவென்று விழுந்தது.

முதலாளியம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரே ஒரு பழைய ஃப்ரீசரோடு ஆரம்பித்து இவ்வளவு பெரிதாக்கியவர். விஷயத்தை வளவளவென்று இழுக்காமல் சொன்னார். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளுக்கு ஃபோலேட் சத்து வேண்டும், அது அஸ்பாரகஸில் நிறைய இருக்கிறது என்று அங்கே தினமும் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள். போன வாரம் அந்த ஆஸ்பத்திரி ஒரு தடவை போன சரக்கை முழுசாகத் திருப்பி அனுப்பிவிட்டது. தண்டு நார் நாராக இருக்கிறது, ருசி இல்லை, சத்தும் பையில் அச்சடித்த அளவில் பாதிகூட இல்லை என்று புகார்.

மறுநாளே குளிர்கிடங்குப் பொறுப்பாளர் வந்து, நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் விடுமுறையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூங்கினாராம். சரக்கெல்லாம் உருகிப் போய், திரும்ப ஓட விட்டதும் மறுபடி உறைந்துவிட்டதாம். அந்தப் பொறுப்பாளர் முதலாளியம்மாவின் சொந்தத் தம்பி. தொழிற்சாலையில் எல்லோரும் அவரை ஐஸ் மாமா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"கூடப் பிறந்தவன்னு பார்த்தா, இங்க வேலை பாக்குற இத்தனை பேர் வீட்ல அடுப்பு எரியாது சார்," என்றார் முதலாளியம்மா.

ஆஸ்பத்திரி கறாராகச் சொல்லிவிட்டதாம். ஒரு ஆளின் அலட்சியம் என்றால் அந்த ஆள் மேல் போலீஸில் புகார் கொடுங்கள், வெளி ஆள் ஒருவர் விசாரித்து எழுதிய அறிக்கையையும் காட்டுங்கள், நாங்கள் தொடர்ந்து வாங்குகிறோம். சரக்கிலேயே ஏமாற்று என்றால் இன்றோடு சரி. சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் நேரில் வருகிறார். அவர் முன்னால் தம்பி மேல் கொடுக்கும் புகாரில் கையெழுத்துப் போட வேண்டும். புகார் தயாராக மேசை மேல் இருந்தது. அத்தானின் அறிக்கைதான் பாக்கி.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஏற்கெனவே கட்டி முடித்த மூட்டைக்கு மேலே முடிச்சுப் போட மட்டும் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. இந்த மாதிரிக் கேஸில் அத்தானுக்கு மூக்கு வேர்க்கும். வேர்த்தது.

திருப்பி வந்த சரக்கில் ஒரு பை கிடைக்குமா என்று கேட்டார். எல்லாவற்றையும் அன்றே குழி தோண்டிப் புதைத்தாயிற்று என்றார் முதலாளியம்மா. ஒரு பைகூட மிச்சம் இல்லையாம்.

"பரவாயில்ல," என்றார் அத்தான். எனக்குக் கண்ணைக் காட்டினார்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒரு பையை மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். முந்தின நாளே அதைக் கேட்டு வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு என் தலையில் கட்டியிருந்தார் அத்தான். நான் பெட்டியைத் திறந்து, பையைக் கிழித்து, முதலாளியம்மாவின் பளபள மேசையில் அப்படியே கொட்டினேன். தண்டுகள் சோழிபோல உருண்டன. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஒவ்வொன்றின் நுனியும் ஒரு பக்கமாக வளைந்து கொக்கி போட்டிருந்தது.

"பரவால்லையே, சட்டை மாட்டலாம் போலிருக்கே," என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா தண்டுகளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார், அப்புறம் தண்ணீர் சொட்டுகிற மேசையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. மேசை பாழாகிவிட்டது என்ற கோபம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கீழே இறங்கினோம். பின்வாசலில் தோட்டத்திலிருந்து வந்த வண்டி நின்றது. பெட்டிகளில் தண்டுகள் நின்ற வாக்கிலேயே வந்திருந்தன, அடியில் ஈர மெத்தை. பள்ளிக்கூடத்துக் காலை வணக்கம் மாதிரி எல்லாம் விறைத்து நின்றன. படுக்க வைத்தால் வண்டியில் இன்னும் இரண்டு மடங்கு பிடிக்குமே என்று இறக்குகிற பெண்ணிடம் கேட்டேன். படுக்க வைத்தால் ஐஸ் மாமா தோலை உரித்துவிடுவார் என்றாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அத்தான் அந்தப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கால் வலித்தது.

ஐஸ் மாமா கிடங்கு வாசலில் கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டுமாக நின்றிருந்தார். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று தினமும் வந்துவிடுகிறாராம். நாங்கள் யார் என்று தெரிந்ததும், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்னால் முழுக் கதையையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். விடுமுறை, இயந்திரம், தூக்கம், எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. நான் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகாததற்குக் காரணம் சொல்லும்போது இப்படித்தான் சொல்வேன்.

"திரும்ப ஓட விட்டப்புறம் சரக்கு எப்படி இருந்துச்சு?" அத்தான் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கட்டி தட்டிப் போச்சு சார். உருகின தண்ணியும் தண்டும் சேந்து பாறையா ஆயிடுச்சு. சுத்தியல் வச்சு அடிச்சாத்தான் பிரியும்."

எனக்கே பொறி தட்டியது. இப்போதுதானே மேலே மேசையில் கொட்டினேன், ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடியதே! தொழில் தெரிந்தவர் என்பதால் உருகினால் என்ன ஆகும் என்று சரியாகச் சொன்னார். அந்தச் சரக்கு உருகவே இல்லை என்பதுதான் சிக்கல். மனுஷன் செய்யாத குற்றத்துக்கு அழகாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் வெளியே ஒரு கார் கிளம்பியது. ஐஸ் மாமாவின் கண் அந்தக் காரோடு கேட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. யார் அது என்று கேட்டேன். மாப்பிள்ளை சார் என்றார். முதலாளியம்மாவின் ஒரே மகளைக் கட்டியவர். போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. தோட்டங்களிடமிருந்து சரக்கு வாங்குகிற பொறுப்பு முழுக்க அவரிடம்தான். மத்தியானம் வீட்டுக்குப் போய் அவரே சமைத்துப் பெண்டாட்டிக்குப் போட்டுவிட்டு வருவாராம்.

"இதை இதோட விட்டுடுங்க சார்," என்றார் ஐஸ் மாமா. குரல் இறங்கிவிட்டது. "எங்க பொண்ணு மாசமா இருக்கா."

தன் வழக்குக்கும் அக்கா மகள் மாசமாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு இவர் தாய்மாமன். மாப்பிள்ளை உள்ளே போனால் அவள் வாழ்க்கை என்னாகும்? அதனால் தானே உள்ளே போகத் தயாராகிவிட்டார். மாப்பிள்ளை ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான், மாமன் பழியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். இதற்கு எதற்கு அத்தான், நானே போதுமே என்று பெருமையாக இருந்தது.

காருக்கு வந்தோம். பின் சீட்டில் ஒரு கட்டு பச்சை அஸ்பாரகஸ் கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அத்தான் முந்தின நாள் காய்கறிக் கடையில் வாங்கியது. நான்தான் சீட்டில் தூக்கிப் போட்டிருந்தேன். போட்டபோது குச்சி மாதிரி நேராக இருந்தது. இப்போது எல்லாத் தண்டும் நுனியில் வளைந்து கிடந்தன.

"பாத்தீங்களா, உள்ள எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். வாடித் தொலைஞ்சிருச்சு," என்றேன். உண்மையில் நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அத்தான் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஒரு தண்டை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"வாடினா தலை தொங்கும்டா. இது தூக்கியிருக்கு."

பார்த்தேன். ஆமாம். சீட்டில் படுத்துக் கிடந்த தண்டுகள் நுனியை மட்டும் கார்க் கூரையைப் பார்த்து உயர்த்தி வைத்திருந்தன. படுக்கையிலிருந்து யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி.

"வெட்டினது அதுக்கு இன்னும் தெரியல," என்றார் அத்தான். "வளந்துகிட்டே இருக்கு. படுக்க வச்சா, மேல எங்கன்னு பாத்துத் திரும்புது. அதனாலதான் ஐஸ் மாமா நிக்க வச்சே கொண்டுவரச் சொல்றார்."

மீதியைப் போகிற வழியில் சொன்னார். கொதிநீரில் முக்கிய பிறகு தண்டுக்கு உயிர் கிடையாது, அப்புறம் அது வளராது, வளையாது. ஆஸ்பத்திரிப் பையில் இருந்ததெல்லாம் வளைந்திருந்தது என்றால், வளைந்த பிறகுதான் அது தொழிற்சாலைக்குள்ளேயே வந்திருக்கிறது. எங்கேயோ கடைத் தட்டுகளில் படுத்துக் கிடந்து, விற்காமல் மிஞ்சி, நார் ஏறி, சத்து இறங்கிப் போன சரக்கு. பையில் மட்டும் 'பறித்த நான்கு மணி நேரத்துக்குள் உறைய வைத்தது' என்று அச்சு. குளிர்கிடங்குக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஐஸ் மாமா திரும்பி வந்த சரக்கில் அந்தக் கொக்கிகளைப் பார்த்த உடனே இதைப் புரிந்துகொண்டிருப்பார். வாங்குகிறவர் மாப்பிள்ளை என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

நான் வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடவா என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு விடு. அடுப்படியைப் பாப்போம்."

நாலாவது மாடியில் சின்ன வீடு. கதவைத் திறந்த மாப்பிள்ளை கையில் கரண்டி இருந்தது. ஆள் சிரித்த முகம். எனக்குச் சிரித்த முகத்தைக் கண்டாலே ஆகாது. முதலாளியம்மாவின் மகள் நாற்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், அத்தான் வேண்டாம் என்று கையமர்த்தினார்.

கேஸைப் பற்றிக் கேட்டால் மாப்பிள்ளை காயைப் பற்றியே பேசினார். ஃபோலேட் குழந்தையின் முதுகுத்தண்டுக்கு நல்லதாம், கே வைட்டமின் இரத்தம் உறைவதற்காம், நார்ச்சத்து மலச்சிக்கலுக்காம். சந்தையில் நாலு நாள் கிடந்த பச்சைக் காயைவிட, பறித்த உடனே உறைய வைத்ததில்தான் சத்து அதிகம் நிற்கும் என்றார். உருக வைக்கக்கூடாது, கல்லாக இருக்கும்போதே ஆவியில் போட வேண்டும், பச்சை நிறம் மங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று செய்தே காட்டினார். எனக்கு அந்த நேரத்தில் பசி கண்ணை மறைத்தது. ஒரு தட்டு நீட்டினார். கடுப்போடுதான் வாங்கினேன். சாப்பிட்டுப் பார்த்தால் இளசாக, லேசான இனிப்போடு இருந்தது. இவ்வளவு நல்லதைச் சமைக்கிறவன் இவ்வளவு கெட்டதை விற்கிறானே என்று வயிறு எரிந்தது.

சரக்கு வாங்குவது யார் பொறுப்பு என்று அத்தான் கேட்டார். எல்லாமே தன் பொறுப்புதான் என்று மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

ஃப்ரீசரைப் பார்க்கலாமா என்றார் அத்தான். மாப்பிள்ளையே திறந்து காட்டினார். ஆறேழு பை இருந்தன. எல்லாமே ஆஸ்பத்திரிக்குப் போன சரக்குக்கு முந்தின மாதத் தேதி. எல்லாவற்றிலும் தண்டுகள் அம்பு மாதிரி நேராக இருந்தன.

மாட்டிக்கொண்டான்! ஊரில் உள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் கொக்கி, தன் பெண்டாட்டிக்கு மட்டும் அம்பு. எது கெட்டது என்று தெரிந்தவன்தானே இப்படிப் பிரித்து வைப்பான்? அத்தானின் காதில் இதைக் கிசுகிசுத்தேன். அவர் என் காலை மிதித்தார்.

"எல்லாம் நேரா இருக்கே," என்றார் அந்தப் பெண்ணிடம், ஏதோ ஊர்க் கதை பேசுவது போல.

"இப்பதான் நேரா இருக்கு," என்று அவள் சிரித்தாள். "முன்னாடி இவர் கொண்டுவந்ததெல்லாம் கொக்கி கொக்கியா இருந்துச்சு. காதுல மாட்டி விளையாடினோம். நாலஞ்சு நாள் அதைத்தான் சாப்பிட்டேன், மெல்லவே முடியல. அப்புறம் அம்மா வந்து எல்லாப் பையையும் எடுத்துட்டு இதை வச்சுட்டுப் போனாங்க."

"என்னைக்கு வந்தாங்க?"

"ஸ்கேனுக்குப் போன அன்னிக்கு."

"ஆஸ்பத்திரிப் புகார் வந்ததுக்கு அப்புறமா?"

"அதுக்கு முந்தின வாரமே," என்றாள். ஒரு பையைக்கூட விடாமல் தேடித் தேடி எடுத்தார்களாம், ஐஸ் தட்டுக்கு அடியில்கூடக் கை விட்டுப் பார்த்தார்களாம். அது மீந்தது, உனக்கு நல்லதாகக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னார்களாம். அம்மாவின் பாசத்தைச் சொல்லுகிற பூரிப்பில் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். யாரும் புகார் செய்வதற்கு முன்னால், அந்தச் சரக்கு கெட்டது என்று ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கொக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாசமாக இருக்கிறவளுக்கு ஆவியில் வேக வைத்து ஊட்டியிருக்க மாட்டார்.

மாப்பிள்ளையின் கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கிளம்பும்போது அத்தான் அவரை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சன்னமான குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த ஆள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். என்ன பதில் என்று காரில் இரண்டு தடவை கேட்டேன். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார் அத்தான். இந்த ஒரு குணத்துக்காகவே அக்காவிடம் அவரைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

நாலு மணிக்கு மாடி அறையில் ஐந்து பேர் இருந்தோம். உணவு ஆலோசகர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். முதலாளியம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஐஸ் மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். தன் பேர் அச்சாகியிருந்த புகாரை அவர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அத்தான் ஆஸ்பத்திரிப் பைத் தண்டு ஒன்றையும், கார் சீட்டிலிருந்து எடுத்த தண்டு ஒன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தன. எப்படி வளைந்தது, எப்போது வளைந்தது, ஏன் வளைந்தது என்று உணவு ஆலோசகருக்குப் புரிகிற மாதிரி நாலே வாக்கியத்தில் சொன்னார். கிடங்கு இயந்திரம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, சரக்கே பழசு என்று முடித்தார்.

ஐஸ் மாமா முன்னால் வந்துவிட்டார். இல்லை, நான்தான் நிறுத்தினேன், நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அத்தான் அவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். "மாப்பிள்ளையைக் காப்பாத்துறதா நினைச்சுத்தானே சொல்றீங்க? அவருக்கு இது தெரியவே தெரியாது. அந்தப் பையைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டிக்கே சமைச்சுப் போட்டிருக்கார். அந்த லோடு அவர் வாங்கினதும் இல்ல. மாமியாரே பேசி முடிச்சுட்டாங்கன்னு சொல்லிக்க வெக்கப்பட்டு, எல்லாம் என் பொறுப்புன்னு சொல்லிட்டுத் திரியுறார்."

கீழே தண்டுகள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அத்தான் முதலாளியம்மாவைப் பார்த்தார். "காலையில நாங்க இதைக் கொட்டினப்ப நீங்க பாக்கவே இல்லம்மா. பாக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல. புகார் வர்றதுக்கு முன்னாடியே பொண்ணு வீட்டு ஃப்ரீசரைக் காலி பண்ணிட்டீங்க."

முதலாளியம்மா மறுக்கவில்லை. மறுப்பார், கத்துவார், எங்களை வெளியே போகச் சொல்வார் என்று நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தேன். அவர் பேனாவை மூடினார். குளிர் அதிகமாகி அந்த மாதம் தோட்டத்தில் தண்டே முளைக்கவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்குச் சரக்கு அனுப்பாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மொத்த வியாபாரச் சந்தையில் மிஞ்சிக் கிடந்ததை வாங்கி, புதுத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லி, விடுமுறையில் தானே இறக்கியிருக்கிறார். ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தாராம். மகளுடைய ஃப்ரீசரில் அந்தப் பை இருப்பது தெரிந்த அன்றே நல்ல பையோடு ஓடினாராம்.

உணவு ஆலோசகர் கேட்டார்.

"உங்க பொண்ணு வீட்ல இருந்து எடுத்துட்டீங்க. எங்க வார்டுல இருந்து ஏங்க எடுக்கல?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் தன் கைப்பையை எடுத்துக்கொண்டார், அத்தானிடம் மட்டும் தலையசைத்தார், படியிறங்கிப் போய்விட்டார். ஒப்பந்தம் போனது என்று தனியாக யாரும் சொல்லத் தேவையில்லை.

முதலாளியம்மா பேனாவை மறுபடி திறந்தார். புகாரில் தம்பியின் பேரை அடித்துவிட்டு, அதற்கு மேலே தன் பேரை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். கடைசியில் அந்த அம்மாவுக்கு அந்தத் தைரியமாவது இருந்தது. எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை.

"இனிமே உன்மேல ஒன்னும் இல்லடா," என்றார் தம்பியிடம். "வீட்டுக்கு வா. எல்லாத்தையும் பேசிக்கலாம்."

ஐஸ் மாமா கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"மெஷின் நிக்கலன்னு உனக்குத் தெரியும். நான் பொய் சொல்றேன்னு முதல் நாளே தெரியும். தெரிஞ்சும் என் பேர்ல புகார் டைப் அடிக்கச் சொன்ன."

முதலாளியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்காகப் போடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மாப்பிள்ளைக்குப் பதிலா உனக்காகவே போயிருப்பேன்க்கா. நீ கேக்கவே இல்லையே."

அவர் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நடந்து போவது எங்களுக்குத் தெரிந்தது. வெள்ளைத் தொப்பிப் பெண்களில் ஒருத்தி ஏதோ சந்தேகம் கேட்டாள். அவர் நின்று, பதில் சொல்லிவிட்டு நடந்தார். முதலாளியம்மா எழுந்து கண்ணாடியில் கை வைத்து நின்றார். ஐஸ் மாமா கிடங்குப் பக்கம் திரும்பிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் நேராகக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனார்.